கஷ்ட காலத்தில் நண்பர்களோடு கூடி வரைகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். எங்களுடையது தரைத்தள வீடு. மெத்தை, பிரிட்ஜ், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த துணிமணி, பத்திரங்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் போயின. தண்ணீர் வடிந்த பிறகும் வாரக்கணக்கில் தெருவில் ஒரே பேச்சுதான். 6,000 ரூபாய் நிவாரணம் வந்ததா, சுவரில் ஈரம் காய்ந்ததா, 2015 வெள்ளத்தில்கூட இவ்வளவு ஏறவில்லையே. பேசப் பேச நெஞ்சு கனத்ததே தவிரக் குறையவில்லை.

2024 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை, போகி. எரிக்கிறதற்குப் பழைய பாய்கூட எங்களிடம் மிச்சமில்லை. அன்று சாயங்காலம் மாடி வீட்டு அக்கா மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரில் அதுவரை கிழித்த பதிமூன்று தாள்களைச் சேர்த்து வைத்திருந்தார். நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு தாளைத் திருப்பிப் போட்டு, பால்பாயிண்ட் பேனாவால் எதிரே இருந்த தண்ணீர் டேங்கை வரைந்தோம். கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம், டேங்கின் மூடியை வரைந்துகொண்டே, ஒருத்தி தன் கல்யாணப் புடவைகள் நாறிப்போனதைச் சொன்னாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். நாங்களும் நிமிராமலே கேட்டோம்.

அன்று ஆரம்பித்தது, நடுநடுவே விட்டுப்போனாலும் இன்றும் தொடர்கிறது. இதில் புதுமை எதுவுமில்லை. திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தவர்களுக்கும் பூக் கட்டியவர்களுக்கும் அப்பளம் இட்டவர்களுக்கும் இது தெரியும். கை வேலையில் இருக்கும், கண் கையில் இருக்கும், ஆள் பக்கத்தில் இருக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதது அப்போது வாயில் வந்துவிடும். வராவிட்டாலும் பரவாயில்லை, சும்மா இருந்தால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்த உட்காருதலைக் கலைப்பவை. பெரும்பாலானவற்றை நாங்கள் செய்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம்.

"நிலைமை கொஞ்சம் சரியாகட்டும்"

வீடு காயட்டும், பரீட்சை முடியட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வரட்டும் என்று தள்ளிப்போட்டால் அது தள்ளிக்கொண்டேதான் போகும். சுவரில் தண்ணீர்க்கோடு இருக்கும்போதே உட்காருங்கள். எல்லாரும் வரும் நாளைத் தேடுவதும் இதே தவறுதான். ஐந்து பேருக்கும் தோதான நாள் என்று ஒன்று கிடையாது. இரண்டு பேர் வந்தால் போதும்.

விலையுயர்ந்த நோட்டு

இரண்டாவது மாதம், ஒரு தோழி ஆசையாக எல்லாருக்கும் கெட்டியான பருத்தித் தாள் நோட்டு வாங்கி வந்தாள். அந்த மாதம் முழுக்க யாருமே சரியாக வரையவில்லை. தாளைப் பார்த்தாலே கை பின்வாங்கியது. இவ்வளவு நல்ல தாளில் நாம் போய்க் கிறுக்குவதா என்று, வரைவதற்கு முன்பே மனசு விலை போட்டுப் பார்த்தது. ஓவியம் படித்தவர்களுக்கு அந்தத் தாளின் அருமை வேறு. எங்களுக்கு அது தடையாகிவிட்டது.

திரும்பக் காலண்டர் தாளுக்கே வந்தோம். தினம் ஒன்று எப்படியும் கிழியும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏழு சேர்ந்துவிடும், கெடுத்தால் குப்பைக்குப் போக இருந்ததுதானே. ஒரு குறை உண்டு. அது மெல்லிய தாள், தண்ணீர் பட்டால் சுருங்கிக் கிழியும். ஆகவே அதில் பேனா, பென்சில் மட்டும். கலர் அடிக்கத் தோன்றினால் கல்யாணப் பத்திரிகையின் உள்பக்கத்துக் காலி இடம் நன்றாகத் தாங்கும். சார்ட் பேப்பர் ஒன்றை எட்டாக வெட்டிக்கொண்டாலும் சரி. 2பி, 6பி பென்சில் ஒவ்வொன்று, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பன்னிரண்டு கலர் பெட்டி ஒன்று. ஒரு வருஷத்துக்கு இதற்கு மேல் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

வலியை வரையச் சொல்வது

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நான் செய்த தவறுகளில் இன்றும் மனசை உறுத்துவது இதுதான்.

மூன்றாவது ஞாயிறு நான்தான் சொன்னேன்: "இன்னிக்கு அந்த ராத்திரியை வரைவோமா? உள்ளே இருக்கறது வெளியே வரட்டும்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். எங்களில் ஒருத்தி பேனாவை மூடி வைத்தாள். இருட்டில், கழுத்தளவுத் தண்ணீரில், நடக்க முடியாத அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள். "எனக்குத் தலை வலிக்குதுடி" என்று எழுந்து போனாள். பிறகு ஒரு மாதம் வரவில்லை.

உள்ளே இருப்பது தானாக வெளியே வரும் நேரம் ஒன்று உண்டு. அதை இன்னொருவர் குறித்துக் கொடுக்க முடியாது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள்கூட இந்த இடத்தில் மெதுவாகத்தான் கால் வைப்பார்கள். நாமோ மொட்டைமாடியில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்.

செக் நாட்டின் தெரெசின் நினைவுக்கு வருகிறது. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த ஊர் அது. 1942 டிசம்பரில் அங்கே கொண்டுவரப்பட்ட ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், தனக்கு அனுமதித்த மூட்டையில் வரையும் பொருட்களைத்தான் அதிகம் எடுத்து வந்தார். குழந்தைகளைக் கூட்டி, ரகசியமாக வரையக் கற்றுக்கொடுத்தார். பசியும் சாவும் சூழ்ந்த அந்த இடத்தில் அந்தப் பிள்ளைகள் வரைந்தவற்றில் பூக்கள், வீடுகள், பூச்சிகள், ஜாடிகள் நிறைய. பயன்படுத்திய அலுவலகப் படிவங்களைக்கூட வெட்டி ஒட்டிப் படமாக்கினார்கள். ஒவ்வொரு படத்திலும் அவரவர் பெயரை எழுதச் சொன்னார் ஃப்ரீடல். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களும் பிழைக்கவில்லை. இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைக்கப்பட்ட சுமார் 4,500 படங்கள் தப்பின. அவை இன்று பிராக் நகரத்து யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜாடியையும் பூவையும் வரைந்தது ஓடி ஒளிவது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தென் அமெரிக்காவின் சிலியில் 1973இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் தேவாலயங்களின் ஆதரவில் வாராவாரம் கூடினார்கள். சாக்குத் துணியின் மேல் பழைய துணித் துண்டுகளைத் தைத்துத் தைத்துப் படமாக்கினார்கள். 'அர்ப்பியேரா' என்று அதற்குப் பெயர். நேரடியாகத் தங்கள் துயரத்தையே தைத்தார்கள். பிள்ளையை இழுத்துப் போகும் வண்டி, 'எங்கே அவர்கள்?' என்ற கேள்வி, பொதுச் சமையல் பானை. அது அவர்களே தேர்ந்துகொண்டது. யாரும் தலைப்பாகக் கொடுத்ததல்ல.

அதனால் எங்கள் வழக்கம் இப்போது இதுதான். நடுவில் ஒரு பொருளை வைப்போம். எவர்சில்வர் டம்ளர், முருங்கைக்காய், கறிவேப்பிலைக் கொத்து, யாராவது கழற்றிவிட்ட செருப்பு. பிடித்தால் அதை வரையலாம், இல்லாவிட்டால் வேறெதையும் வரையலாம். அப்பாவைத் தூக்கி வந்த தோழி எட்டு மாதம் கழித்து, யாரும் கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுத்தளவுத் தண்ணீரை வரைந்தாள். வரைந்து முடித்து, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

"சூப்பர்!"

குறை சொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். "மூக்கு கோணலா இருக்கே" என்று சொன்னால் அடுத்த வாரம் ஆள் குறையும். அடுத்தவர் தாளில் நம் பென்சிலை வைத்துத் திருத்துவது அதைவிட மோசம். ஆனால் புகழ்ச்சியும் கெடுக்கும் என்று எங்களுக்குப் புரிய நாளானது. ஒருத்தியின் படத்துக்கு "சூப்பர்" என்றதும், சொல்லாமல் விடப்பட்ட நாலு பேர் தங்கள் தாளைக் கொஞ்சம் மறைத்துக்கொள்கிறார்கள். பாராட்டு வாங்கியவளோ அடுத்த வாரம் அதே மாதிரி வரைய முயன்று சோர்ந்துபோகிறாள்.

இப்போது மதிப்பெண் போடும் எந்த வார்த்தையும் சொல்வதில்லை. கண்ணில் பட்டதைச் சொல்வோம், அல்லது கேட்போம். "செருப்போட வாரு மட்டும் அழுத்திப் போட்டிருக்கே", "இந்த நிழலுக்கு எந்தப் பென்சில்?" ஒருவர் பார்த்தார் என்ற நிறைவே போதுமானதாக இருக்கிறது. மாடி வீட்டு அக்கா முதல் இரண்டு வாரம் "எனக்கு வரையவே வராதுப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க கோலம் போடுற மாதிரியே போடுங்கக்கா" என்றோம். தாளில் ஏழு புள்ளி வைத்து, ஊடுபுள்ளி இட்டு, பேனாவை எடுக்காமல் ஒரு சிக்குக் கோலத்தை முடித்தார். முப்பது வருஷமாகத் தினமும் வரைகிறவரைத்தான் வரையத் தெரியாதவர் என்று நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடத் தொடங்கினால், வரையும்போதே பார்க்கப் போகிற கண்கள் வந்து உட்கார்ந்துவிடும். எங்கள் போன்கள் அந்த ஒன்றரை மணி நேரமும் ஒரு கூடைக்குள் இருக்கும்.

போண்டா, சுண்டல், பிறகு அலுப்பு

முதல் வாரம் டீயும் பிஸ்கட்டும். ஐந்தாவது வாரம் போண்டா, சட்னி, கேசரி. யார் வீட்டில் கூடுகிறோமோ அவர் காலையிலிருந்து அடுப்படியில் நிற்பார். சாயங்காலம் பேனா பிடிக்கக் கையில் தெம்பு இருக்காது. இப்படி நின்றுபோன கூட்டங்கள் ஏராளம். டீ மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரை அவரவரே கழுவி வைக்கட்டும். செய்தி அனுப்புவது, தாள் கொண்டுவருவது, இடம் கொடுப்பது மூன்றும் ஒரே ஆளின் தலையில் விழக் கூடாது. மாதாமாதம் மாற்றிக்கொள்ளுங்கள்.

நூறு நாள் தினமும் ஒரு படம் என்று சபதம் எடுப்பதும் வேண்டாம். ஏற்கெனவே நொந்திருப்பவருக்கு விட்டுப்போன பதினேழு நாள் என்ற புதுக் கடனை அது ஏற்றிவைக்கும். வாரம் ஒரு நாள், குறித்த நேரம், ஒன்றரை மணி நேரம். வராத வாரம் வராத வாரம்தான், அதை ஈடுகட்ட வேண்டியதில்லை.

விற்கலாமா?

ஆறு மாதத்தில் யாராவது கேட்பார்கள்: "இதைக் கண்காட்சியா வைக்கலாமே? வாழ்த்து அட்டையாப் போட்டு விக்கலாமே?" கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். சிலிப் பெண்கள் தைத்தவை வெளிநாடுகளில் விற்று, அந்தப் பணத்தில்தான் அடுப்பு எரிந்தது. தேவை இருந்தால் விற்பதில் தவறில்லை. ஆனால் இரண்டையும் ஒரே உட்காருதலில் கலக்காதீர்கள். இதற்குச் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலை ஈஞ்சம்பாக்கத்தில் நல்ல பாடம் இருக்கிறது. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், ஓவியர்கள் பாட்டிக் (மெழுகு வைத்துச் சாயமேற்றும் துணி) முதலான கைவினைப் பொருட்கள் செய்து விற்றுப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டார்கள். வாங்குபவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்காமல் ஓவியமும் சிற்பமும் செய்ய அந்த வருமானம் இடம் கொடுத்தது. நீங்களும் விற்பனைக்கு வேறு நாள் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தாள் அந்தக் கணக்குக்குள் வர வேண்டாம்.

மருந்தாக நினைப்பது

அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் உடனிருந்தவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 39 பேரிடம் மார்க்கர், களிமண், வெட்டி ஒட்டும் படங்கள் கொடுத்து, 45 நிமிடம் விருப்பப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் அளந்தார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஹார்மோன் அது. சுமார் 75 சதவீதம் பேருக்கு அளவு குறைந்திருந்தது. முன்னனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்று அதில் வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது. அதிலும் கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். வரைந்துவிட்டு இன்னும் கலங்கிப்போய் வீடு திரும்பும் ஞாயிறுகள் எங்களுக்கும் வந்திருக்கின்றன. அது உங்கள் தோல்வி ஆகாது.

ஒருவர் வாரக்கணக்கில் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி பேசுகிறார் என்றால் தாளை ஓரமாக வையுங்கள். 14416 டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண், 104 தமிழக அரசின் உதவி எண். "நான் பக்கத்துல இருக்கேன், சேர்ந்து போன் பண்ணுவோம்" என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் கூடப் போங்கள். அடுத்த ஞாயிறு அவருக்கான இடத்தை அப்படியே வைத்திருங்கள்.

நின்றுபோனால்

நின்றுபோகும். எங்களுக்குப் போன வருஷம் கோடையில் ஆறு வாரம் நின்றது. ஊருக்குப் போனவர்கள், ஒரு வீட்டில் துக்கம், ஒரு வீட்டில் வேலை பறிபோனது. திரும்பத் தொடங்கும்போது "ஏன் யாரும் வரலை?" என்று குழுவில் கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வெட்கப்பட்டே ஆள் வராது. மாடி வீட்டு அக்கா எழுதியது ஒரே வரி: "ஞாயிறு நாலு மணி. நாப்பது தாள் சேர்ந்திருக்கு. முருங்கைக்காய் கொண்டு வரேன்."

மூன்று பேர் போனோம்.