நிலக்கடலை வேரழுகலுக்கு டிரைக்கோடெர்மா

வேரழுகல் பூஞ்சணம் மண்ணிலேயே கிடக்கும். செடி வாடிய பிறகு மருந்து ஊற்றிப் பெரிய பயனில்லை. விதைக்கும் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். டிரைக்கோடெர்மா விரிடி நன்மை செய்யும் ஒரு பூஞ்சணம்; அது நோய்ப் பூஞ்சணத்தின் இழைகளைச் சுற்றி வளைத்து, அவற்றின் சுவரைக் கரைத்து உண்ணும்.

விதைக்கு, ஒரு கிலோ பருப்புக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா தூள். 50 கிலோவுக்கு 200 கிராம் ஆகும். ஆறிய கஞ்சியை லேசாகத் தெளித்து, தூளைத் தூவி, சாக்கில் போட்டு மெதுவாக உருட்டுங்கள். கையால் அழுத்திப் பிசைந்தால் தோல் உரிந்து முளைப்பு போய்விடும். நிழலில் உலர்த்தி அன்றே விதைக்கவும். ரைசோபியம் என்னும் தழைச்சத்து நுண்ணுயிர் உரம் சேர்ப்பதானால் இதற்குப் பிறகு சேர்க்கலாம். கார்பென்டசிம் என்னும் பூஞ்சணக்கொல்லி கலந்த விதையில் மட்டும் டிரைக்கோடெர்மா வேண்டாம், அந்த மருந்து இந்தப் பூஞ்சணத்தையும் கொன்றுவிடும்.

மண்ணுக்கு ஏக்கருக்கு 1 கிலோ. நன்கு மக்கிய தொழு உரம் 50 கிலோவுடன் கலந்து, பிடித்தால் உருண்டையாகி நீர் சொட்டாத அளவு ஈரம் வைத்து, நிழலில் ஈரச்சாக்கால் மூடுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறினால் பத்துப் பதினைந்து நாளில் பச்சை படரும். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம்: சூடேறி எல்லாம் செத்துவிடும். மாலையில், ஈரமுள்ள மண்ணில் தூவிக் கிளறிவிடவும். காய்ந்த மண்ணில் போட்டால் காசுதான் வீண்.

வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். கடை வாசல் வெயிலில் கிடந்த பாக்கெட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.