பெருந்தொற்றிலும் கிளை கலையாமல்: சகோதரத்துவ இளைஞர் அமைப்புகளை உயிர்ப்புடன் வைத்திருக்கும் வழிகள்

2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த சில நாட்களுக்குள், ஆண்பிள்ளைகளுக்கான டிமோலே, பெண்பிள்ளைகளுக்கான ஜாப்ஸ் டாட்டர்ஸ், ரெயின்போ ஃபார் கேர்ள்ஸ் போன்ற சகோதரத்துவ இளைஞர் அமைப்புகளின் கிளைகள் கூட்ட அரங்குகளைப் பூட்ட வேண்டியதாயிற்று. ஃப்ரீமேசன் என்ற பழைய சகோதரத்துவ அமைப்பின் மரபைச் சார்ந்த இந்த அமைப்புகளில் கூட்டம் என்பது வெறும் கலந்துரையாடல் அன்று. பதவி வகிக்கும் இளைஞர்களான பொறுப்பாளர்கள் தத்தம் இடத்தில் நின்று, மனப்பாடமான உரைகளைச் சொல்லி, சேர்ந்து நடத்தும் சடங்கு அது. பாட வகுப்பைத் திரைக்கு மாற்றுவது போல அதை மாற்றிவிட முடியாது. இதனுடன் வயது வரம்பும் சேர்ந்துகொள்கிறது. டிமோலேயில் 12 வயதில் சேரும் ஒருவர் 21 வயதோடு இளைஞர் உறுப்பினர் நிலையிலிருந்து விலகிவிடுகிறார். ஜாப்ஸ் டாட்டர்ஸில் அந்தக் காலம் 10 முதல் 20 வயது வரை. வீணாய்ப் போன ஓர் ஆண்டை அவர்களுக்கு யாராலும் திருப்பித் தர முடியாது. அதனால்தான் "எல்லாம் சரியாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளையை வழிநடத்தும் பெரியவர்களான ஆலோசகர்கள் கை கட்டிக் காத்திருப்பதை நான் ஏற்பதில்லை.

டிமோலே தோன்றிய காலமே ஒரு பெருந்தொற்றுக் காலம். 1918-இல் பரவத் தொடங்கிய இன்ஃப்ளுயன்சா இன்னும் ஓயாதிருந்த 1919-இல், அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், தந்தையை இழந்த லூயி லோவர் என்ற இளைஞரை ஃப்ராங்க் லேண்ட் என்ற ஃப்ரீமேசன் சந்தித்தார். நண்பர்களையும் அழைத்து வரச் சொன்னார். ஒன்பது பேருடன் அமைப்பு தொடங்கியது. சடங்கு நூலும் பதவிகளும் அதற்குப் பிறகு வந்தவை. முதலில் இருந்தது, ஓர் இளைஞரின் வரவை ஒருவர் எதிர்பார்த்திருந்தார் என்பது மட்டுமே. பெருந்தொற்றில் கிளையைக் காப்பாற்ற விரும்புவோர் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: ஒவ்வோர் உறுப்பினரையும் எதிர்பார்க்க ஒருவர் இருக்க வேண்டும், ஒவ்வோர் உறுப்பினரின் கையிலும் ஒரு வேலை இருக்க வேண்டும். மற்றவை இதற்கு அடுத்தபடியே.

முதலில் பட்டியல், அடுத்து தொலைபேசி

அரங்கு மூடப்பட்ட முதல் வாரத்திலேயே உறுப்பினர் பட்டியலை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பெயர், உறுப்பினரின் எண், பெற்றோரின் எண் ஆகியவற்றோடு, வீட்டில் இணைய வசதி எப்படி, கணினியோ ஸ்மார்ட்போனோ அவருக்கென்று தனியாக உண்டா, அல்லது இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரே கருவியில் மாறி மாறிப் பள்ளிப் பாடம் படிக்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு தகவல் இல்லாமல் காணொளிக் கூட்டம் வைத்துவிட்டு, வராதவர்களை ஆர்வமற்றவர்கள் என்று முடிவு கட்டிய கிளைகள் உண்டு. அவர்களில் சிலர் வராததற்குக் காரணம், அந்த நேரத்தில் தம்பிக்கோ தங்கைக்கோ வகுப்பு நடந்துகொண்டிருந்ததுதான்.

பட்டியல் ஆயத்தமானதும் அதைப் பங்கிட வேண்டும். முப்பது உறுப்பினர்களும் ஆறு பொறுப்பாளர்களும் இருந்தால், ஒரு பொறுப்பாளருக்கு ஐந்து பேருக்கு மேல் வராது. வாரம் ஒரு முறை, குறித்த நாளில், அந்த ஐந்து பேருக்கும் அவர் குரல் வழியே பேச வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தி இதற்கு ஈடாகாது. குழுச் செய்திக்கு யாரும் பதில் சொல்லாமல் இருந்துவிடலாம், தனக்கென்று வரும் அழைப்பில் அப்படி இருக்க முடியாது. பேசி முடித்ததும் ஒரு குறிப்பேட்டில் தேதியும் ஒரு வரியும் எழுதினால் போதும்: "பாட்டிக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் கேட்க வேண்டும்" என்பது போல. அடுத்த வாரம் மறக்காமல் அதைக் கேட்பதில்தான் இந்த ஏற்பாட்டின் முழுப் பயனும் இருக்கிறது. மனத்தை வருத்தும் செய்தி எதுவாயினும், அதைத் தாமே சுமக்காமல் அன்றே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதையும் பொறுப்பாளர்களுக்கு முதல் நாளே தெளிவுபடுத்திவிட வேண்டும்.

"எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் பதின்பருவத்தினர் பெரும்பாலும் "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எங்கள் கிளையில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மூன்று வாரம் இந்த ஒரே பதிலைச் சொன்னான். நான்காம் வாரம் அழைத்த பொறுப்பாளர் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, தாம் மனப்பாடம் செய்யும் உரையைச் சொல்லப்போவதாகவும், அவன் அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பிழை திருத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மூன்றாம் வரியில் அவர் ஒரு சொல்லை விட்டுவிட, அவன் நிறுத்தித் திருத்தினான். ஐந்தாம் வரியில் மறுபடியும் திருத்தினான். உரை முடிந்த பிறகு, கேட்காமலேயே, தன் தந்தைக்கு வேலை போய்விட்டதைச் சொன்னான். உதவி கேட்கப்பட்டவர்தான் மனம் திறக்கிறார் என்பதை அன்று கண்டோம். அதன் பிறகு ஒவ்வோர் அழைப்பிலும் கேட்பதற்கு ஒரு சிறு உதவியோடுதான் பொறுப்பாளர்கள் பேசினார்கள்.

காணொளிக் கூட்டத்தை அளவோடு வைப்பது

பள்ளிப் பாடமே திரையில் நடந்த காலத்தில், மாலையில் இன்னொரு நீண்ட திரைக்கூட்டம் சுமையாகவே இருக்கும். ஜூம் செயலியின் இலவசக் கணக்கில் குழுக் கூட்டங்களுக்கு இருந்த 40 நிமிட வரம்பைப் பலர் குறையாகக் கருதினர். என் கணிப்பில், அது நல்ல அளவுகோல். அதற்குள் முடிக்க வேண்டுமானால் கணக்கு அறிக்கை, தேதி அறிவிப்பு போன்றவற்றை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டு, கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டியவற்றை மட்டும் பேசுவோம். மீதி நேரத்தில் நான்கு நான்கு பேராகத் தனி அறைகளாகப் பிரிக்கலாம். இருபது முகங்களுக்கு முன் வாய் திறக்காத ஒருவர், நான்கு பேருக்கு நடுவில் பேசிவிடுவார். ஒவ்வொரு கூட்டத்தையும் வெவ்வேறு இளைஞர் நடத்தட்டும். பெரியவர்கள் ஒலியை அணைத்துவிட்டு அமர்ந்திருப்பதே சிறப்பு. முகம் காட்ட வேண்டும் என்று எவரையும் வற்புறுத்தக் கூடாது, ஏனெனில் வீட்டின் நெருக்கடியைப் பிறர் காண்பதற்குக் கூசும் பிள்ளைகள் எல்லாக் கிளையிலும் இருப்பார்கள்.

இணைப்பு முகவரியைப் பொதுவெளியில் பகிரவே கூடாது. 2020-இன் தொடக்க மாதங்களில் முன்பின் அறியாதவர்கள் காணொளிக் கூட்டங்களுக்குள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டிய சம்பவங்கள் பெருகியதால்தான், அந்த ஆண்டு ஏப்ரலில் ஜூம் நிறுவனம் இலவசக் கணக்குகளுக்குக் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்பாகவே செயல்படும்படி மாற்றியது. இவ்விரண்டையும் அணைக்காமல் வைத்து, பெயர் தெரிந்தவரை மட்டும் உள்ளே விட்டு, திரையைப் பகிரும் உரிமையை நடத்துபவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

அரங்கில் கடைப்பிடித்த பாதுகாப்பு விதிகள் திரைக்கும் அப்படியே பொருந்தும். எந்தக் கூட்டத்திலும், தனி அறையிலும்கூட, ஓர் இளைஞரும் ஒரு பெரியவரும் மட்டும் இருக்கும் நிலை வரக் கூடாது. அமைப்பின் பயிற்சி பெற்ற பெரியவர்கள் இருவராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். பெரியவர் இளைஞருக்குத் தனிச் செய்தி அனுப்ப நேர்ந்தால், பெற்றோரையோ இன்னோர் ஆலோசகரையோ அதில் சேர்த்தே அனுப்ப வேண்டும். இதில் எந்தத் தளர்வுக்கும் இடமில்லை.

சடங்கும் பதவியும்

மறைவாகக் காக்கப்படும் சடங்குப் பகுதிகளைக் காணொளியில் நடத்தக் கூடாது. யார் வீட்டில் யார் பின்னால் நிற்கிறார் என்பதும், எவர் பதிவு செய்கிறார் என்பதும் நமக்குத் தெரியாது. எதை இணையவழியில் நடத்தலாம், எதை நடத்தக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் கிளைக்கு மேலுள்ள நிர்வாகத்துக்கே உரியது. தொடங்குவதற்கு முன் எழுத்து வடிவில் அனுமதி பெற்றுவிட வேண்டும். புதியவர்களின் சேர்க்கைச் சடங்கை, முடிந்தவரை, நேரில் கூடும் நாள் வரை தள்ளிவைப்பதே நல்லது. அந்த அனுபவம் ஒருவருக்கு ஒரு முறைதான் கிடைக்கும். அதைக் கைப்பேசித் திரையில் கழித்துவிட வேண்டாம். காத்திருக்கும் காலத்தில் அவருக்குத் தன் வயதை ஒத்த ஓர் உறுப்பினரைத் துணையாக அமர்த்தி, பொது நிகழ்ச்சிகளிலும் சேவைப் பணிகளிலும் பங்கேற்கச் செய்தால், சடங்குக்கு முன்பே அவர் கிளையின் பிள்ளையாகிவிடுவார்.

பொதுவில் செய்யத்தக்க மரபுகளோ இக்காலத்தில் புது வலிமை பெறுகின்றன. டிமோலே கிளைகளில் இரவு ஒன்பது மணிக்கு நடந்துகொண்டிருப்பதை நிறுத்தி, தாய்க்காகவும் தந்தைக்காகவும் அமைப்பின் நோக்கங்களுக்காகவும் சிறு வேண்டுதல் செய்யும் வழக்கம் உண்டு. ஊரடங்கில் அரங்கு தேவைப்படாத மரபு இதுதான். அவரவர் வீட்டில், அதே ஒன்பது மணிக்கு, விரும்புவோர் தொலைபேசியில் இணைந்து அதைச் செய்யலாம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தினமும் வேண்டாம், வாரம் இரு நாள் போதும். கூட்டத்துக்கே வராதவர்கள் பலர் இதற்கு வந்தார்கள்.

பல கிளைகளில் பதவிக்காலம் ஆறு மாதம் அல்லது அதற்கும் குறைவு. தலைமைப் பொறுப்பை ஏற்கப் பல ஆண்டுகள் படிப்படியாக உயர்ந்து வந்த ஒருவரின் முறை ஊரடங்கில் கரைந்துபோவது, பெரியவர்களுக்குச் சிறிதாகத் தோன்றலாம். அந்த வயதில் அது பெரும் இழப்பு. விதி இடம் தந்தால் பதவிக்காலத்தை நீட்டிக்கக் கேட்க வேண்டும். நீட்டித்தால் அடுத்து வருபவரின் காலம் குறையுமே என்ற கேள்வி எழும். அதை ஆலோசகர்கள் மூடிய அறையில் தீர்க்காமல், பாதிக்கப்படும் இருவரையும் அமர்த்திப் பேசித் தீர்ப்பதே நியாயம். வயது வரம்பை எட்டி விலகுவோரின் பட்டியலைத் தனியாக எடுத்து, அந்த நாளுக்கு முன்பே, சிறிதாகவேனும், பெயர் சொல்லிப் பாராட்டும் பிரியாவிடை நிகழ்ச்சி ஒன்றை நடத்திவிட வேண்டும்.

சந்தா விஷயத்தில் நீண்ட விவாதம் தேவையில்லை. கொடுக்க இயலாதவர்களிடம் கேட்காதீர்கள். அதை யாருக்கும் தெரியாமல் செய்யுங்கள்.

கைக்கு ஒரு வேலை

சேவை என்றதும் பெரிய திட்டங்களை யோசிக்க வேண்டாம். மூத்த ஃப்ரீமேசன்களில் தனியாக வாழ்பவர்கள் பலர் இருப்பார்கள். ஓர் இளைஞருக்கு ஒரு முதியவர் என்று இணைத்து, பெற்றோர் அருகில் இருக்க, வாரம் ஒரு முறை பேசச் செய்யலாம். 2020-இல் முதியோர் இல்லங்கள் பார்வையாளர்களை நிறுத்திவிட்ட மாதங்களில் அஞ்சலில் வந்த கடிதமே அங்கிருந்தவர்களுக்குப் பெரிய துணையாக இருந்தது. எழுதுவதற்கு முன் இல்லத்தின் நிர்வாகத்தைக் கேட்டு, எத்தனை பேர், எவ்வளவு பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று அறிந்துகொள்ள வேண்டும். வீட்டு முகவரியை எழுதாமல் கிளையின் முகவரியையே கொடுக்க வேண்டும். முகக்கவசம் தைப்பது, மருந்தோ மளிகையோ வாங்கி வாசலில் வைத்துவிட்டு வருவது ஆகியவற்றைக் குடும்பத்தோடு செய்யலாம். ஆனால் வீட்டில் நோய் எதிர்ப்பு குறைந்தவர் இருந்தால் அந்த இளைஞருக்கு வீட்டிலிருந்தே செய்யும் பணியைத் தர வேண்டும், அதற்கான காரணத்தை மற்றவர் முன் கேட்கக் கூடாது.

ஓர் உறுப்பினர் வீட்டில் மரணம் நேர்ந்து, இறுதிச் சடங்குக்கும் யாரும் போக முடியாத நிலை வந்தால், மற்ற அனைத்தையும் நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் கைப்பட இரண்டு வரி எழுதி, எல்லாவற்றையும் ஒரே உறையில் இட்டு அனுப்புங்கள். பத்து நாள் கழித்து, உறவினர்களின் அழைப்புகள் குறையும் நேரத்தில், மறுபடியும் பேசுங்கள்.

மீண்டும் கூடும்போது

விதிகள் தளர்ந்ததும் முதலில் திறந்த வெளியில், சிறு குழுக்களாக, இடைவெளி விட்டுக் கூடலாம்; காற்றோட்டமற்ற அரங்குக்குள் நுழைய அவசரப்பட வேண்டாம். இருமலோ காய்ச்சலோ உள்ளவர் தயங்காமல் வீட்டில் இருக்கும்படி, வருகையைக் கணக்கிடும் பரிசுகளையெல்லாம் அந்த ஆண்டுக்கு நிறுத்திவைக்க வேண்டும். வந்தவர்களின் பெயர்களைத் தேதியோடு குறித்துவைத்தால், யாருக்கேனும் தொற்று உறுதியானால் மற்றவர்களுக்கு உடனே சொல்ல முடியும். மனப்பாடம் மறந்துபோயிருக்கும், முதல் இரண்டு மாதம் உரையைக் கையில் வைத்து வாசிக்கலாம் என்று அறிவித்துவிட்டால், அதற்கு அஞ்சி வராமலிருப்பவர்கள் வருவார்கள். நிலுவையிலுள்ள எல்லாவற்றையும் முதல் கூட்டத்திலேயே முடிக்கப் பார்க்காமல், ஒரு மணி நேரத்தில் கலைந்துவிட வேண்டும். தொலைபேசிக் குறிப்பேட்டை அன்றும் மூட வேண்டாம். வராதவர்களின் பெயர்களுக்கு எதிரே புள்ளி வைத்து, அவரவர் பொறுப்பாளர் அன்று மாலையே அவர்களை அழைக்க வேண்டும்.