பதற்றத்துக்கு யாரைப் பார்ப்பது? நீலகிரியில் அடிக்கடி நேரும் தவறுகள்

நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது என்றால் முதலில் பொது மருத்துவரையோ இதயநோய் மருத்துவரையோ பார்ப்பதில் தவறே இல்லை. ஈ.சி.ஜி. எடுத்துத்தான் ஆக வேண்டும். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவை. தேயிலைச் சீமையில் நாளுக்கு ஏழெட்டு முறை கடுந்தேநீர் குடிப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தவறு அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஊட்டியில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் மனம் ஆறாமல், மேட்டுப்பாளையத்தில் ஓர் எக்கோ (இதய ஸ்கேன்), கோயம்புத்தூரில் ஒரு டிரெட்மில் பரிசோதனை, வேறொரு மருத்துவமனையில் மறுபடியும் எக்கோ என்று கோப்பு தடித்துக்கொண்டே போகிறது. ‘ஒன்றும் இல்லை’ என்ற பதில் தரும் ஆறுதல் சில நாள்களில் கரைந்துவிட, அடுத்த பரிசோதனைக்கு மனம் தயாராகிவிடுகிறது. இப்படி உறுதிமொழி தேடி அலைவதே பதற்றநோயின் ஒரு முகம் என்பதால், அந்தக் கோப்போடு மனநல மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம் அது.

‘நரம்புத் தளர்ச்சி’ என்று வீட்டாரே முடிவுகட்டி நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போவது இன்னொரு வழக்கம். பக்கவாதம், வலிப்பு, ஒற்றைத் தலைவலி ஆகியவை அவர் துறை. பதற்றம் அவர் துறையன்று. பொறுப்பான நரம்பியல் மருத்துவர் தாமே மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதித் தருவார். அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்களும் உண்டு. ‘கீழ்ப்பாக்கத்துக்குப் போக வேண்டியவன்’ என்ற கேலியைக் கேட்டு வளர்ந்த ஊர்களில் அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது.

பெயர்ப்பலகையில் உள்ள ‘டாக்டர்’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் போவதையும் தவிர்க்க வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். பட்டம் பெற்றவர், நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் அவரால் முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதமாட்டார். அதற்கென உரிய படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்று, பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருபவர். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. ‘கவுன்சலர்’ என்ற பெயருக்குள்தான் எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள்: உளவியலில் முதுகலை முடித்தவரும் சில வாரப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பலகையைத் தொங்கவிட முடிகிறது. குடும்பப் பூசல், தேர்வு பயம், வேலை மாறிய குழப்பம் போன்றவற்றுக்கு நல்ல கவுன்சலரே போதும். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேலைக்குப் போக முடியாத நிலைக்கு வந்தவரை அங்கேயே உட்காரவைப்பது காலத்தை வீணாக்குவதாகும்.

இந்த வேறுபாடு நடைமுறையில் எப்படித் தெரியும் என்பதற்கு நம் மலைப்பாதையே சான்று. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில், கொண்டை ஊசி வளைவொன்றில் வண்டி நின்றபோது ஒருவருக்குத் திடீரென்று பீதி தாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணிந்துவிடக்கூடிய அந்தத் தாக்குதலை அவர் மாரடைப்பென்று நினைத்து நடுவழியில் இறங்கிவிடுகிறார். அதன் பிறகு மலையிறங்குவதையே நிறுத்துகிறார். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குக்கூட மைத்துனரை அனுப்புகிறார். பயணத்துக்கு முன் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை மட்டும் வாங்கித் தருவது இங்கே அரைகுறைத் தீர்வு. மாத்திரை இல்லாமல் படியேற முடியாது என்ற புதிய பயத்தை அது வளர்க்கும். இவருக்கு வேண்டியது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். முதல் வாரம் காட்டேரி வரை, பிறகு பர்லியார் வரை, அப்புறம் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம் வரை என்று பயந்த பாதையிலேயே படிப்படியாகப் போகவைத்து, படபடப்பு ஏறி இறங்குவதை உடம்பே கற்றுக்கொள்ளும்படி செய்வது அவர் வேலை. கூடவே மனச்சோர்வும் இருந்தால் மனநல மருத்துவரின் மருந்தும் சேரும். இருவரும் ஒருவருக்கொருவர் மாற்று என்று எண்ணுவதே பிழை.

பேர்பெற்றவர் என்பதற்காக எட்டாத தூரத்திலுள்ளவரைத் தேர்ந்தெடுப்பதும் மலைவாசிகளிடம் அதிகம். மருந்தை மட்டும் சரிபார்க்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூர் போய்வரலாம். பேச்சுச் சிகிச்சைக்கு வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் தேவைப்படும். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபட்டால் அது அறுந்துபோகும். முதல் சந்திப்பை நேரில் வைத்து, மற்றவற்றை வீடியோ வழியாகத் தொடர முடியுமா என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். படுகர் வீட்டுப் பாட்டிக்கும் பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் குடும்பத்துக்கும் எந்த மொழியில் மனம் திறக்கும் என்பதும் இதில் அடங்கும்; மருந்துச் சீட்டுக்கு மொழிபெயர்க்க ஆள் போதும், உள்ளக்கிடக்கைக்குப் போதாது.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதற்காகவே தூரத்து ஊரைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. ஆனால் காத்திருப்பு வரிசையில் அடுத்த தெருக்காரர் உட்கார்ந்திருப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது என்பதால், கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டு வாங்குவதே நடைமுறை வழி.

மருந்துக் கடைக்காரரை மருத்துவராக்கிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் அரை மணியில் அமைதி தருவதால் பழைய சீட்டைக் காட்டியே மாதக்கணக்கில் வாங்கப்படுகின்றன. அவை பழக்கத்தில் கொண்டுவிடும், திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் வரலாம். மாறாக, பதற்றத்துக்கு மனநல மருத்துவர் எழுதித் தரும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாள்களில் படபடப்பு சற்று அதிகரிக்கவும் கூடும். இது தெரியாமல் பத்தாம் நாளே ‘இந்த டாக்டர் சரியில்லை’ என்று மாறுகிறவர் அடுத்தவரிடமும் அதே பத்து நாளைத்தான் கொடுப்பார்.

செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடத் தேவையில்லை. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தக் கிழமையில் எங்கே பார்க்கிறது என்பதை அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் விசாரிக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால், யார் சரியானவர் என்ற ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்து, தனியே விடாமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.