இஃபிஸ் வாங்கும் முன்: ஒப்பிடுவதில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே விமானம் கட்டுகிறவர்கள் ஏராளம். ஆர்வி-7, ஆர்வி-10 போன்ற விமானங்களின் பாகங்கள் அடங்கிய கிட்டை வாங்கி, ரிவெட் ரிவெட்டாக அடித்து, வருஷக்கணக்கில் உழைத்து, கடைசியில் விமானியின் முன்னால் இருக்கும் கருவிப் பேனலுக்கு வரும்போது எல்லோரிடமும் ஒரே கேள்வி: பறக்கும் கருவிகள் எல்லாவற்றையும் மின்னணுத் திரையில் காட்டும் இஃபிஸை எந்தக் கம்பெனியிடம் வாங்குவது, கார்மினா, டைனானா, ஜிஆர்டியா? கையில் ஒரு எக்செல் ஷீட் இருக்கும். திரை எத்தனை அங்குலம், தொடுதிரையா, மேப் வருமா, ஆட்டோபைலட் சேருமா என்று வரிசையாக டிக் போட்டிருப்பார்கள். முன்பு நாங்கள் போட்ட ஷீட்டும் இதேதான். அதிலுள்ள அத்தனை கேள்விகளும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் நாளைப் பற்றியவை. ஒன்று பழுதானால் மிச்சம் என்ன இருக்கும் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

பேனலை அளந்து வெட்டுவது, கனெக்டரைச் சரியாக கிரிம்ப் செய்வதெல்லாம் எல்லா மேனுவலிலும் இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரையின் விலையை மட்டும் ஒப்பிடுவது

திரைக்குப் பின்னால்தான் பணம் போகிறது. விமானத்தின் சாய்வையும் திசையையும் கணக்கிடும் ஏஹார்ஸ் பெட்டி, இன்ஜின் மாட்யூல், ஜிபிஎஸ் ஆன்டெனா, ஆட்டோபைலட்டுக்காக விமானத்தின் கட்டுப்பாடுகளை அசைக்கும் சர்வோ மோட்டார்கள், ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர், பேக்கப் பேட்டரி, இவை அத்தனைக்குமான வயரிங். 2020 ஜனவரி முதல் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளியில் விமானத்தின் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட் கட்டாயம். கொட்டேஷனில் அது இல்லையென்றால் அந்தத் தொகை முழுத் தொகை அல்ல. 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வழிகாட்டல் டேட்டாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைனான் அமெரிக்காவுக்கான அடிப்படை டேட்டாவை இலவசமாகத் தருகிறது. வேறு சிலரிடம் வருஷா வருஷம் சந்தா கட்ட வேண்டும்.

சர்வோ வாங்கியபின் கம்பெனி மாற நினைத்தால், சர்வோவும் சேர்ந்து மாற வேண்டியிருக்கும்.

திரைகளை எண்ணி, மாற்று இருக்கிறது என்று நம்புவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. தவிர்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும். செய்துவிட்டுத் திருத்தப் போனால் பேனலையே பிரிக்க வேண்டும்.

பழைய 'சிக்ஸ் பேக்', அதாவது ஆறு வட்டக் கருவிகள் கொண்ட பேனல், எப்படி இருந்தது? செயற்கை அடிவானமும் திசை ஜைரோவும் பெரும்பாலும் இன்ஜின் ஓட்டும் வேக்குவம் பம்பில் ஓடின. விமானம் திரும்புவதைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் மின்சாரத்தில் ஓடியது. வேகமானி, உயரமானி, ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கருவி மூன்றுக்கும் காற்றழுத்தமே போதும். பம்ப் செத்தால் டர்ன் கோஆர்டினேட்டர் இருக்கும். ஆல்டர்னேட்டரும் பேட்டரியும் போனாலும் அடிவானம் இருக்கும். இஃபிஸில் எல்லாமே மின்சாரம். அந்தப் பிரிவினையை இனி நாம்தான் உண்டாக்க வேண்டும்.

ஒருவர் தன் ஆர்வியில் பத்து அங்குலத் திரை இரண்டு வைத்திருந்தார். விற்றவர் 'டூயல் ஸ்கிரீன், ஃபுல் ரிடண்டன்சி', அதாவது ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும், என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பேனலை வெட்டி, பவுடர் கோட்டிங் அடித்து, எழுத்துப் பொறித்து, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஹேங்கரில் மாஸ்டர் ஸ்விட்சைப் போட்டு, ஒரே ஒரு ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னேன். இரண்டு திரையிலும் அடிவானம் ஒன்றாக மறைந்து, அந்த இடத்தில் சிவப்பு எக்ஸ் வந்தது. திரைகள் பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தன. மேப் இருந்தது, ரேடியோ அலைவரிசை இருந்தது, இன்ஜின் வெப்பநிலை ஆறு சிலிண்டருக்கும் வரிசையாகத் தெரிந்தது. விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும் இல்லை. இரண்டு திரைக்கும் ஏஹார்ஸ் ஒன்றே ஒன்று. அதற்கு மின்சாரம் வந்த வழியும் ஒன்றே ஒன்று. மேகத்துக்குள் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு திருத்தும் வேலை. தனியாக இயங்கும் ஸ்டாண்ட்பை, அதாவது மாற்றுக் கருவி, ஒன்று வைக்க மூன்றே அரைக்கால் அங்குல வட்ட ஓட்டை வேண்டும். பேனலில் அதற்கு இடமே இல்லை. கட்டி முடித்த வயர்க்கட்டை அவிழ்த்து, பேனலைக் கழற்றி, புதிதாக வெட்டி, மறுபடி பெயின்ட். விற்றவரிடமிருந்து ஒரு டாலர்கூடத் திரும்பி வரவில்லை.

இரண்டு ஏஹார்ஸ் வாங்கியவர்களும் இதிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். டைனான் ஸ்கைவியூ போன்ற அமைப்புகள் சாய்வைக் கணக்கிட, எதிர்க்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் பிட்டோ குழாயிலிருந்து வரும் வேகத்தையும் பயன்படுத்துகின்றன. அது கிடைக்காவிட்டால் ஜிபிஎஸ் வேகத்தை எடுத்துக்கொள்ளும். சில நாள் மூடாமல் விட்ட பிட்டோ குழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தால், ஒரே குழாயில் மாட்டிய இரண்டு பெட்டிக்கும் ஒரே நேரத்தில் வேகம் போய்விடும். அப்போது உங்களைக் காப்பது ஜிபிஎஸ். ஆகவே அந்த ஆன்டெனா எந்தப் பெட்டிக்குப் போகிறது, அந்தப் பெட்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஒப்பிட வேண்டிய விஷயம். இரண்டு பெட்டியிலும் ஒரே சாஃப்ட்வேர் ஓடினால் அதில் உள்ள பிழையும் இரண்டிலும் இருக்கும். வேறு கம்பெனி ஸ்டாண்ட்பை வைக்கிறவர்கள் இதை யோசித்துத்தான் வைக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பேட்டரியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஃபியூஸ், சென்சார், பெட்டி, திரை எல்லாவற்றையும் தாளில் வரைந்து கோடு போட்டு இணையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்து நீக்கிப் பாருங்கள்: இது இல்லையென்றால் சாய்வு தெரியுமா, வேகம் தெரியுமா, ஆட்டோபைலட் பிடித்துக்கொள்ளுமா? கார்மினின் சின்ன ஸ்டாண்ட்பை திரையான ஜி5-க்குள் சொந்த ஏஹார்ஸ் இருக்கிறது, சொந்த ஜிபிஎஸ் இருக்கிறது, அதன் பேட்டரியைப் பொருத்தினால் நான்கு மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். கார்மினின் முதன்மை இஃபிஸான ஜி3எக்ஸ் செயலிழந்தால் ஆட்டோபைலட்டை ஜி5 ஓட்டும்படியும் அமைக்கலாம். அதற்குப் பதில் இரண்டாவது பெரிய திரை மட்டும் வாங்குகிறவருக்கு இந்தத் தனி ஏஹார்ஸ் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் எக்செல் ஷீட்டில் அவருக்குத்தான் அதிக டிக்.

மேக்னெட்டோமீட்டர் எங்கே உட்காரும் என்று பார்க்காதது

ஸ்கைவியூவில் பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை அறியும் மேக்னெட்டோமீட்டர் ஏஹார்ஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஜி3எக்ஸில் அது தனி. முதலாவதில் பெட்டியையே இரும்பிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் விலக்கிப் பின்பக்கம் கொண்டுபோக வேண்டும். பிட்டோ குழாயும், வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஸ்டேட்டிக் குழாயும் அங்கே வரை போக வேண்டும். இரண்டாவதில் சின்னப் பெட்டியை மட்டும் இறக்கையில் வைத்துவிடலாம். உங்கள் விமானத்தில் எதற்கு இடம் இருக்கிறது என்று பார்க்காமல் கம்பெனியை முடிவு செய்யாதீர்கள்.

பொருத்தியதும் சோதித்துப் பாருங்கள். விமானத்தை அசையாமல் நிறுத்தி, லேண்டிங் லைட், ஸ்ட்ரோப், பிட்டோ ஹீட் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோங்கள். திரையில் திசை எண் நகர்ந்தால் இடம் சரியில்லை. ஒரு எஃகு போல்ட்டைப் பித்தளைக்கு மாற்றியதிலேயே சரியானதைப் பார்த்திருக்கிறேன்.

கண்காட்சிக் கூடாரத்தில் முடிவெடுப்பது

ஜூலையில் ஆஷ்காஷில் நடக்கும் விமானக் கண்காட்சியில் கூடாரத்து நிழலில் எல்லாத் திரையும் அழகு. உங்கள் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து, வெயிலில் நிற்கும் விமானத்தில் பாருங்கள். போலரைஸ்டு கண்ணாடியில் சில திரைகள் கறுத்துவிடும்.

செஸ்னாவுக்கும் அதே ஷீட்டா?

இல்லை. தொழிற்சாலையில் தயாரான செஸ்னா, பைப்பர் வைத்திருப்பவர்கள் முதலில் எஸ்டிசி (சான்று பெற்ற விமானத்தில் மாற்றம் செய்யும் அனுமதி) பட்டியலில் தங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரைக்கு அனுமதி இருந்து ஆட்டோபைலட்டுக்கு இல்லாமலும் போகலாம். 'சீக்கிரம் வந்துவிடும்' என்ற வாக்குறுதியை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

கிட் வந்த அன்றே திரை வாங்குவது

வாரன்டி அட்டைப்பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும்.

பழுதைப் பழகாமல் பறப்பது

அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் அமைப்பான என்டிஎஸ்பி 2010-இல் வெளியிட்ட ஆய்வு, 2002 முதல் 2006 வரை தயாரான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விமானங்களை எடுத்துப் பார்த்தது. கிளாஸ் காக்பிட், அதாவது கருவிகளுக்குப் பதில் திரை உள்ள, விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு, உயிரிழப்பு விபத்து விகிதம் அதிகம். அவை நீண்ட பயணங்களுக்கும் மோசமான வானிலையிலும் அதிகம் பயன்பட்டன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருந்தாலும் அந்த ஆய்வு வலியுறுத்திய ஒன்றை யாரும் மறுக்க முடியாது: கருவி பழுதாகும்போது திரை எப்படி நடந்துகொள்ளும் என்பதில் விமானிகளுக்குப் போதிய பயிற்சி இல்லை. பழைய கருவியைப் பயிற்சியாளர் ஒரு ரப்பர் மூடியால் மறைத்துவிடுவார். இஃபிஸில் வெளிச்சத்தைக் குறைத்தால் திரை செத்தது போலத் தெரியும், அவ்வளவுதான். ஏஹார்ஸ் போனால் எது மறையும், எது தப்பான எண்ணோடு நிற்கும் என்பதை அப்படிக் காட்ட முடியாது. ஆகவே விலை பேசும்போதே கேளுங்கள்: உங்கள் அமைப்புக்குத் தரையில் பழகும் சிமுலேட்டர் இருக்கிறதா, அதில் எந்தெந்தப் பழுதை வரவழைக்க முடியும்?