ஸ்காட்லாந்தின் பழைய சத்திரங்களில் தங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்து மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் ஓர் இரவாவது பழைய 'இன்' ஒன்றில் தங்க ஆசைப்படுவார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அதை ஓட்டல் என்று நினைத்துக்கொண்டு போவதுதான் முதல் தவறு. நம்மிடம் அதற்கு ஏற்ற சொல் இருக்கிறது: சத்திரம்.

லாக் லோமண்ட் ஏரியின் வடகோடியைத் தாண்டினால் இன்வரார்னன் என்ற சிற்றூர். 1705-ல் தொடங்கிய ட்ரோவர்ஸ் இன் அங்கேதான் இருக்கிறது. ட்ரோவர் என்றால் மாடு ஓட்டிச் செல்பவர். தீவுகளிலிருந்தும் மலைகளிலிருந்தும் க்ரீஃப், ஃபால்கர்க் சந்தைகளுக்கு மாட்டு மந்தைகளை வாரக்கணக்கில் நடத்திப் போவார்கள். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தால் அதிகம். ஸ்கை தீவின் மாடுகள் கைல் ரே நீரிணையை நீந்தியே கடந்தன. பின்னால் வரும் மாட்டின் தாடையில் கயிறு போட்டு, முன்னால் போகும் மாட்டின் வாலில் கட்டி, வரிசையாகப் படகின் பின்னே இழுத்துப் போவார்கள். அப்படி நடந்து களைத்தவர்கள் ஒதுங்கிய பாதையோரச் சத்திரங்களில்தான் இன்று நாம் போய்த் தங்குகிறோம்.

ஆகவே மாடிப்படி குறுகலாக இருக்கும், லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது, தரை ஒரு பக்கம் சரிந்திருக்கும், பலகை முனகும். பெரிய பெட்டியோடு போகாதீர்கள். பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, அறை மதுக்கூடத்துக்கு நேர் மேலே இருக்கிறதா. சனிக்கிழமை இரவு கீழே பாட்டுக் கச்சேரி நடந்தால் உங்களுக்கும் தூக்கம் கிடையாது. பல சத்திரங்கள் பக்கத்திலேயே புதுக் கட்டடமும் வைத்திருக்கின்றன. பழைய அறைதான் வேண்டுமென்றால் அதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது சாப்பாட்டு நேரம். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் நேரம் போவதே தெரியாது. நான் ஒரு முறை மலையைச் சுற்றிவிட்டு ஒன்பதேகாலுக்குச் சத்திரத்துக்குள் நுழைந்தேன். சமையலறை ஒன்பதுக்கே மூடியாயிற்று. ஊரில் வேறு கடையும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த சத்திரத்து அம்மா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து கணப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அது அவருடைய நல்ல மனசு, எல்லா இடத்திலும் கிடைக்காது. அடுப்பு எப்போது மூடும் என்று மதியமே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அதையும் ஊருக்குள் இருக்கும்போதே செய்துவிடுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைப்பது அரிது.

மேஜையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருப்பதும் பலர் செய்வது. அநேக இடங்களில் நீங்களே மதுமேடைக்குப் போய், மேஜை எண்ணைச் சொல்லி, பணத்தையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஹாகிஸ் என்ற பெயரைக் கேட்டதும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸோடு வேகவைப்பதுதான் அசல் ஹாகிஸ். ஆனால் பருப்பும் காய்கறியும் ஓட்ஸும் சேர்த்துச் செய்யும் சைவ ஹாகிஸும் இப்போது பல இடங்களில் உண்டு. மிளகு தூக்கலாக இருக்கும், நம் நாக்குக்குப் பிடிக்கும். சூப் விஷயத்தில் மட்டும் கவனம். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சி வேகவைத்த சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

விஸ்கி குடித்துவிட்டு வண்டி எடுப்பதை மன்னிக்கவே முடியாது. 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை. இங்கிலாந்தில் 80. அங்கே ஓட்டிய பழக்கத்தில் இங்கே கணக்குப் போடாதீர்கள். ராத்திரி குடித்தது காலையிலும் ரத்தத்தில் இருக்கலாம். ஒற்றைத்தடப் பாதைகளில் எதிர்வண்டிக்கு வழிவிட அமைத்த ஒதுக்கிடங்களில் காரை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கப் போவதும் கூடாது. அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் தினசரிப் பாதை.

கடைசியாக ஒன்று, எனக்கு மனசு கேட்காத ஒன்று. கிளென்கோ பள்ளத்தாக்கில் கிளாஹிக் இன் என்ற முந்நூறு வருடப் பழமையான சத்திரம் இருக்கிறது. தெருவில் கூவி விற்பவர்களுக்கும் கேம்பெல் குலத்தாருக்கும் அனுமதி இல்லை என்று அங்கே ஒரு பலகை. வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே அதன் முன் செல்ஃபி எடுக்கிறார்கள். இன்று அதை வேடிக்கையாகத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதன் பின்னால் இருக்கும் கதை வேடிக்கை இல்லை. 1692 பிப்ரவரியில் ராபர்ட் கேம்பெல் தலைமையில் வந்த அரசுப் படையினரை அங்கிருந்த மக்டொனால்ட் குலத்தார் தங்கள் வீடுகளில் தங்கவைத்துப் பன்னிரண்டு நாள் போல சோறு போட்டார்கள். 13-ஆம் தேதி விடியுமுன்னே அந்த விருந்தாளிகளே எழுந்து சுமார் 38 பேரைக் கொன்றார்கள். தப்பி ஓடிய பெண்களும் குழந்தைகளும் பனியில் விறைத்துச் செத்தார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நாம் சொல்வதை ஸ்காட்லாந்துச் சட்டம் நம்பிக்கைக் கொலை என்று தனிக் குற்றமாகவே, சாதாரணக் கொலையைவிடக் கொடியதாக வைத்திருந்தது.

படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் பழைய சாலை வழியாகச் சுமார் நான்கு கிலோமீட்டர் நடந்தால் கிளென்கோ கிராமம் வரும். இறந்தவர்களுக்காக 1883-ல் எழுப்பிய கல் சிலுவை அங்கே இருக்கிறது. வருடாவருடம் பிப்ரவரி 13 அன்று மலர்வளையம் வைக்கிறார்கள்.