சாய்ந்த மாங்காயும் மெலிந்த சரிகையும்

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் மாமாவுக்காக, சேலை பார்டர் டிசைனைத் திரையில் காட்டும் சின்ன நிரல் ஒன்றை ஓப்பன்ஜிஎல்லில் (திரையில் படம் வரைய நிரல்கள் பயன்படுத்தும் பொது இடைமுகம்) எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் போன். "மாப்ளே, மாங்காயெல்லாம் சாயுது, கலரும் மாறுது. சரிகைக் கோடு வேற நூலாட்டம் மெலிஞ்சு கிடக்கு."

இரண்டுமே டிரைவர் பக் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளில் உள்ள பிழை) என்று முடிவு கட்டி, கார்டு கம்பெனிக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். ஓப்பன்ஜிஎல் விதி என்ன சொல்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது.

சாய்வு பக்தான், ஆனால் என்னுடையது. படத்தின் அகலம் 250 பிக்சல். பிக்சலுக்கு 3 பைட் வீதம் ஒரு வரிக்கு 750. ஓப்பன்ஜிஎல் ஒவ்வொரு வரியும் 4 பைட்டின் மடங்கில் தொடங்கும் என்று இயல்பாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் 752 பைட் தள்ளி அடுத்த வரியைப் படித்திருக்கிறது. வரிக்கு 2 பைட் நழுவினால் நிறம் எப்படி நிற்கும்? இந்த மடங்கைத் தீர்மானிக்கும் அன்பேக் அலைன்மென்ட் என்ற அமைப்பை 1 ஆக்கியதும் மாங்காய் நிமிர்ந்தது.

கோட்டுக்கு நான் கொடுத்த தடிமன் 5. என் கணினியில் சரியாக வந்தது. மாமாவின் கணினியில் அனுமதிக்கும் வரம்பைக் கேட்டுப் பார்த்தால் 1 முதல் 1 வரை! விதிப்படி உறுதியானது தடிமன் 1 மட்டுமே. அதற்கு மேல் கேட்பது பக் புகார் ஆகாது, புது வசதி கேட்கிற கணக்கு. புகாரை அழித்துவிட்டு, ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முக்கோணங்களாக வரைந்தேன்.

இப்போது கோட்டின் ஓரம் பிசிறாக இருக்கிறதாம். தீபாவளிக்குள் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.