வெந்தயம் போட்டுச் செய்த ஃபிராங்க் தலை

என் மகளுக்குப் பதினாறு முடிந்த வாரம் இரண்டு பேருமாக உட்கார்ந்து ‘ஃபிராங்க்’ படம் பார்த்தோம். பெயர்கள் ஓடி முடிவதற்குள், “அம்மா, எனக்கு அந்தத் தலை வேணும்” என்றாள். அடுத்த மாதம் அவள் படிக்கும் இடத்தில் பாட்டு நிகழ்ச்சி. டிரம்ஸுக்கு ஒருத்தி, கீபோர்டுக்கு ஒருத்தன், பாடுவதற்கு இவள். நாங்களே செய்துவிடலாம் என்று இறங்கினோம். முதல் தலை பூசணம் பிடித்தது. இரண்டாவதை ரொட்டிக் கத்தியால் அறுக்க வேண்டியதாகிவிட்டது. மூன்றாவதுதான் நின்றது. அதைச் செய்த விதத்தை எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. 2014இல் வந்தது, இயக்கம் லென்னி ஆப்ரஹாம்சன். ஒரு விசித்திரமான பேண்ட். அதன் பெயரை அதில் வாசிப்பவர்களாலேயே சரியாகச் சொல்ல முடியாது. பாடகர் ஃபிராங்க் பெரிய உருண்டையான பொய்த்தலை ஒன்றை எந்நேரமும் மாட்டிக்கொண்டிருப்பார், குளிக்கும்போதுகூட. உள்ளே இருப்பது மைக்கேல் ஃபாஸ்பெண்டர். அந்த முகத்தைக் காசு கொடுத்துக் கூட்டிவந்து மூடி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு வருத்தம்தான். ஜான் என்ற பையன் கீபோர்டு வாசிக்க வந்து சேர்கிறான். அவனிடம் கேட்கும் ஒரே தகுதி, சி, எஃப், ஜி மூன்று கார்டும் (சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்துவது) வாசிக்க வருமா என்பது.

அந்தக் கேள்வி நிஜத்தில் கேட்கப்பட்டது. நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சேல் என்ற ஊர். பக்கத்து ஊர் டிம்பர்லி. அங்கே கடைத்தெருவில் இதே மாதிரித் தலையோடு ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது, 2013இல் வைத்தது. ஃபிராங்க் சைட்பாட்டம் என்று சொல்வார்கள். அப்படியொரு ஆள் கிடையாது. கிறிஸ் சீவி என்ற பாட்டுக்காரர் பொய்த்தலையை மாட்டி, மூக்கில் நீச்சல்காரர்கள் போடும் கிளிப்பையும் போட்டுக்கொண்டு மூக்கால் பேசி ஊரைச் சிரிக்கவைத்தார். 2010இல் அவர் இறந்தபோது அடக்கம் செய்யக் காசில்லை; ரசிகர்கள் 20,000 பவுண்டுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். அவருக்குக் கொஞ்ச காலம் கீபோர்டு வாசித்தவர் ஜான் ரான்சன். மூன்று கார்டு கேள்வி அவரிடம் கேட்டதுதான். பின்னாளில் பீட்டர் ஸ்ட்ராகனோடு சேர்ந்து இந்தப் படத்தை எழுதியவரும் அவரே. ஆனால் படத்து ஃபிராங்க் வேறு ஆள். அமெரிக்கப் பாடகர்கள் கேப்டன் பீஃப்ஹார்ட், டேனியல் ஜான்ஸ்டன் இருவருடைய சாயலும் அவரிடம் உண்டு. சைட்பாட்டம் மாதிரி கோமாளித்தனம் செய்ய நினைத்துத் தலையை மாட்டினால் படத்தின் ஆள் வரமாட்டார்.

சரி, வேலைக்கு வருவோம்.

அச்சுக்குக் கடற்கரையில் பிள்ளைகள் ஊதி விளையாடும் பந்து வாங்குங்கள், குறுக்களவு 45 சென்டிமீட்டர். பலூன் வேண்டாம். ராத்திரிக் குளிரில் சுருங்கி, மேலே ஒட்டிய காகிதமும் சுருங்கிப் பள்ளம் விழும். பந்து முழுக்க வாஸலின் தடவி, ஒரு வாளிமேல் உட்காரவையுங்கள்.

பசைக்கு 1 கப் மைதா, 5 கப் தண்ணீர், 2 ஸ்பூன் உப்பு. கட்டி தட்டாமல் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சுங்கள். இறக்கி ஆறவைத்து, ராத்திரியே ஊறப்போட்ட வெந்தயத்தை அரைத்து 2 பெரிய கரண்டி சேருங்கள். இது எந்த வீடியோவிலும் கிடையாது. எங்கள் அம்மாச்சி புது முறம் வாங்கினால் அப்படியே புழங்கவிடமாட்டார். பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் ஆட்டி, அந்தக் கூழை முறத்தில் மெழுகிக் காயவைப்பார். மிச்சக் கூழைக் கவிழ்த்த குடத்தின்மேல் அப்பினால் ஒரு கூடை. வெந்தயம் பிடிப்பும் கொடுக்கும், பூச்சியும் அண்டாது. முதல் தலைக்கு நான் வெந்தயம் போடவில்லை, உப்பும் போடவில்லை. போதாததற்கு, நவம்பர் மாதத்தில் ஒரே நாளில் ஆறு அடுக்கு ஒட்டினேன். நாலாம் நாள் ஃபிராங்குக்குப் பச்சைத் தாடி முளைத்திருந்தது.

செய்தித்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள், இரண்டு விரல் அகலத்துக்கு. கிழித்த ஓரம் அடுத்த துண்டோடு கலந்துவிடும்; வெட்டிய ஓரம் பெயின்ட் அடித்த பிறகும் கோடாகத் தெரியும். ஒரு அடுக்கு வெள்ளைத்தாள், அடுத்த அடுக்கு ஃபைனான்ஷியல் டைம்ஸின் ரோஸ்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போச்சு என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு அடுக்கு நெடுக்கில், அடுத்தது குறுக்கில். நாளுக்கு இரண்டே அடுக்கு, மொத்தம் எட்டு. பாய்லர் இருக்கும் அலமாரிக்குள் வைத்துக் காயவையுங்கள். தட்டிப்பார்த்தால் காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி சத்தம் வரவேண்டும். அதற்குப் பிறகு பந்தின் காற்றை மெதுவாக இறக்கி, கழுத்து ஓட்டையைத் திறந்து உருவி எடுங்கள்.

கழுத்து ஓட்டைதான் ஆளைக் கவிழ்க்கும் இடம். கழுத்தை அளக்கக் கூடாது. தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை சுற்றி டேப்பை ஓட்டி அளந்து பாருங்கள், 65 சென்டிமீட்டர் பக்கம் வரும். அந்த வளையம் தாராளமாக நுழைய ஓட்டைக்கு 25 சென்டிமீட்டர் குறுக்களவு வேண்டும். இரண்டாவது தலைக்கு நான் 20 வைத்தேன். லெஸ்டரிலிருந்து வந்திருந்த என் கொழுந்தனார், “நான் முதல்ல போட்டுப் பாக்கிறேன் அண்ணி” என்று காதை மடக்கிக்கொண்டு நுழைத்துவிட்டார். போன காது திரும்பவில்லை. உள்ளேயிருந்து “அண்ணி... எடுங்க அண்ணி...” என்று கிணற்றுக்குள் விழுந்தவர் குரல். நான் ரொட்டிக் கத்தியோடு வருவதை அவரால் பார்க்க முடியாமல் போனது ஒருவகையில் நல்லதுதான்.

அடுத்தது பார்வை. ஃபிராங்கின் கண்கள் பெரிது, அகலத் தள்ளி இருப்பவை. நம் கண் அவற்றுக்கு நேராக வரவே வராது. அதனால் கண்ணை வெறுமனே வரைந்துவிட்டு, உதடுகளுக்கு நடுவில் நீளமாக வெட்டி, உட்பக்கம் கறுப்பு ஸ்டாக்கிங் துணியை ஒட்டினோம். அணிபவரின் கண் அந்த வாய்க்கு நேராக வரவேண்டுமென்றால் தலை உயரமாக உட்கார வேண்டும். அதற்குச் சும்மாடு. என் பழைய சுங்குடிச் சேலையைச் சுருட்டி முக்கால் சாண் உயரத்துக்கு உள்ளே ஒட்டி, அதன் கீழே பழைய சைக்கிள் ஹெல்மெட். வாரை மாட்டிவிட்டால் தலை ஆடாது. வாரின் கொக்கி ஒரே அழுத்தில் கழல வேண்டும். பின்பக்கம், கறுப்பு முடி வரைகிற இடத்தில், பென்சில் நுழையும் அளவில் இருபது ஓட்டை போடுங்கள். வெளியே தெரியாது, சூடும் மூச்சுக்காற்றும் போகும். எங்கள் தலை எடை 1 கிலோ 400 கிராம். ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் யாரையும் மாட்டவிடாதீர்கள், மாடிப்படி பக்கம் விடவே விடாதீர்கள். பெயின்ட் அடிப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படத்தை நிறுத்திவைத்துப் பார்த்து அடியுங்கள். வாயை மட்டும் சிரிக்கவைத்துவிடாதீர்கள்.

செய்து முடித்ததும் தலையை மாட்டிப் பழக வேண்டும். என் மகள் முதல் ஒத்திகையில் நன்றாகப் பாடினாள் என்றுதான் அவளுக்கு நினைப்பு. உள்ளே அவள் குரல் அவளுக்கே கோயில் மண்டபம் மாதிரி முழங்கியது, வெளியே எங்களுக்குக் கேட்டது “பூ... பூ...” மட்டும். ஸ்பாஞ்சு ஒட்டி, சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்கை உள்ளே வைத்ததும் சரியானது.

இன்னொரு சிக்கலை எந்த மைக்கும் தீர்க்கவில்லை. அவள் சிரிக்கிறாளா, முறைக்கிறாளா என்று கூட வாசிப்பவர்களுக்குத் தெரியவில்லை. டிரம்ஸ் பெண் சைகைக்காகக் காத்திருந்து தாளத்தை விட்டாள். படத்தில் ஜானுக்கும் இதே தவிப்பு. அதற்கு ஃபிராங்க், இப்போது உள்ளே என் முகம் இப்படி இருக்கிறது என்று வாயாலேயே சொல்ல ஆரம்பிப்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த இடம் அது. ஒத்திகையில் வேறு வழியில்லாமல் அதையே செய்தோம். “லேசா சிரிக்கிறேன்.” “இப்ப கண்ணை மூடிட்டேன், நீ ஆரம்பி.” இரண்டாவது நாள் அவள் சொன்னாள், “அம்மா, வெளியில இவ்வளவு சொன்னதே இல்ல நான்.” நான் பசைச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெரிய நீலக் கண்கள்தான் தெரிந்தன.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். கடைசியில் தலை உடைந்துபோய், ஃபிராங்க் அமெரிக்காவில் கான்சஸில் பெற்றோர் வீட்டில் இருப்பார். மனவேதனைதான் இவரைக் கலைஞனாக்கியது என்று ஜான் நம்பிக்கொண்டிருப்பான். அது பாட்டைக் கொடுக்கவில்லை, வேண்டுமானால் தாமதப்படுத்தியது என்பார்கள் பெற்றோர். பிறகு ஒரு மதுக்கடையில் வெறும் முகத்தோடு பாடுவார். அதனால் எங்கள் நிகழ்ச்சியிலும் கடைசிப் பாட்டுக்குத் தலை கிடையாது என்று முடிவு செய்தோம். கொக்கியை ஒரே அழுத்தில் கழலச் சொன்னது அதற்கும்தான்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு ஈரத்துணியால் உள்ளே துடைத்து, ஒருநாள் காயவிட்டு எடுத்து வையுங்கள். பாச்சை உருண்டை தேவையில்லை, வெந்தயம் பார்த்துக்கொள்ளும். வைக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.